செங்காந்தட் கொடியும் நம் மணற்கொல்லையும்

நாகூரிலிருந்து தெற்கே வேதாரண்யம் வரையுள்ள கடற்கரை மணற்பாங்கில் வாழும் நம் அங்கத்தினர்களுள் சிலர், நெல் விளையாத தங்கள் கொல்லையில் எதனைப் பயிரிடலாம் என்று நம்மைக் கேட்பதுண்டு. நெசவாளர்களுக்குத் தனியே நிலம் இல்லாவிடினும், தறிக்கூடத்தின் பின்புறம் ஒரு சென்டோ இரண்டு சென்டோ மணற்கொல்லை இருத்தல் கூடும். இக்கேள்வியோடு ஒரு கொடியின் பெயரும் சேர்ந்து வருகின்றது. அது செங்காந்தள், சந்தையில் கண்வலிக்கிழங்கு என்று வழங்குவது. விதைக்கு நல்ல விலை கிடைக்கின்றதாமே, கடன் பெற்றுக் கிழங்கு வாங்கலாமா என்பதே கேள்வியின் சாரம்.

இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையளித்தல் இயலாது. கொடியின் இயல்பை அறிந்த பின்னரே கணக்கைப் பார்த்தல் வேண்டும். ஆதலின், முதலில் கொடியைப் பற்றியும், அடுத்து அதனை வளர்க்கும் முறையைப் பற்றியும், இறுதியில் வரவு செலவைப் பற்றியும் இங்கே எழுதுகின்றோம்.

கொடியின் இயல்பு

செங்காந்தள் நமக்குப் புதியது அன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் நெடிய மலர்ப் பட்டியலில் முதலாவதாக நிற்பது இம்மலரே. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. கிழங்கு கலப்பையைப் போல் வளைந்திருத்தலின் கலப்பைக்கிழங்கு என்றும், மலரை உற்று நோக்கினால் கண்வலி உண்டாகும் என்ற நாட்டுப்புற நம்பிக்கையால் கண்வலிப்பூ என்றும், கார்த்திகையில் மலர்தலின் கார்த்திகைப்பூ என்றும் பெயர்கள் உண்டு. தாவர நூலார் இதனைக் குளோரியோசா சூப்பர்பா என்பர்.

இதன் மலருக்கு ஆறு இதழ்கள். அவை விளிம்பு நெளிந்து, மேல்நோக்கி மடிந்து, எரியும் தீயின் நாக்குகளைப் போல் நிற்கும். அரும்பு விரியும்போது பச்சையும் மஞ்சளுமாய் இருந்து, நாள் செல்லச் செல்ல நுனியிலிருந்து சிவந்து, இறுதியில் முழுவதும் செந்நிறமாகும். ஒரே கொடியில் ஒரே வேளையில் இந்நிறங்கள் எல்லாவற்றையும் காணலாம்.

ஆப்பிரிக்காவிலும் இக்கொடி இயல்பாக வளர்கின்றது. சிம்பாப்வே நாட்டின் தேசிய மலர் இதுவே. 1947 ஆம் ஆண்டில் அப்பகுதிக்குச் சென்ற இளவரசி எலிசபெத்துக்கு இம்மலரின் வடிவில் வைர அணி ஒன்று பரிசாக அளிக்கப்பெற்றது. ஐரோப்பாவின் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களும் இதனை அழகுக் கொடியாகப் போற்றி வளர்க்கின்றனர்.

இக்கொடி ஏறும் விதம் அறிதற்பாலது. அவரையைப் போல் தண்டினால் சுற்றி ஏறுவதில்லை. பாகலைப் போல் தனிப் பற்றுக்கம்பிகளும் இல்லை. ஒவ்வோர் இலையின் நுனியும் நீண்டு சுருண்டு, தன்னைத் தொட்ட மெல்லிய குச்சியையோ நூலையோ பற்றிக்கொள்ளும். பருத்த மூங்கிலை இந்த இலைநுனி பற்றாது. பந்தல் போடுவோர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

மண்ணுக்கு மேலுள்ள கொடி ஆண்டுதோறும் காய்ந்து மடியும். நிலைத்திருப்பது கிழங்கு ஒன்றே. ஒரு கிழங்கு தன் சத்து முழுவதையும் கொடிக்கும் மலருக்கும் செலவிட்டுத் தான் வற்றிவிட்டு, பருவத்தின் இறுதியில் தனக்கு ஈடாகக் கவை போன்ற புதுக் கிழங்கைப் படைத்து வைக்கின்றது. அக்கவையின் ஒவ்வொரு கரத்தின் நுனியிலும் ஒரு முளை மட்டுமே உண்டு. அந்நுனி முறிந்தால் அக்கரம் முளைப்பதில்லை. கூட்டுறவாளர்களாகிய நமக்குப் புரியும் சொல்லில் கூறின், இப்பயிரில் கிழங்கே முதல். மலரும் விதையும் அதன் வட்டி. முதலைக் காப்பாற்றத் தெரிந்தவர்க்கே இக்கொடி பயன்தரும்.

முதல் எச்சரிக்கை

வளர்க்கும் முறையைக் கூறுமுன் ஓர் எச்சரிக்கையைக் கூறுதல் நம் கடமை. செங்காந்தளின் கிழங்கு, விதை, இலை, தண்டு, மலர் யாவும் நஞ்சு. கோல்ச்சிசின் என்னும் பொருள் அவற்றில் உள்ளது. கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்றோ வேறு வள்ளிக்கிழங்கு என்றோ எண்ணி வேகவைத்து உண்டவர்கள் உயிரிழந்ததுண்டு. வேகவைப்பதால் நஞ்சு நீங்குவதில்லை. உண்ட சில மணி நேரம் யாதும் தோன்றாதிருந்து, பின்னர் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் காணும். அதன்பின் உள்ளுறுப்புகள் பழுதுறும். வாந்தி நின்றுவிட்டதென்று வீட்டில் வைத்திருத்தல் பெருந்தீங்காகும். உண்டதாக ஐயம் எழுந்தவுடனேயே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். உண்ட கிழங்கின் மிச்சத்தையும் உடன் எடுத்துச்சென்று காட்டுதல் நலம்.

ஆதலின், சிறு குழந்தைகள் ஓடியாடும் கொல்லையிலும், ஆடுமாடு கட்டும் இடத்திலும் இதனை நடலாகாது. கிழங்கையும் விதையையும் சமையற்கட்டில் வைத்தலாகாது. பூட்டிய பெட்டியில், பெயர் எழுதி வைத்தல் வேண்டும். கிழங்கைக் கையாளும்போது கையுறை அணிக. பின்னர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. வீட்டில் மனம் நொந்தவர் எவரேனும் இருப்பின், இக்கிழங்கு அவ்வீட்டில் இருத்தலே கூடாது என்பது நம் உறுதியான கருத்து. இதனைக் கூறத் தயங்குவதால் நன்மை யாதுமில்லை.

இந்நஞ்சே அளவறிந்து பயன்படுத்தினால் மருந்தாகின்றது. 1820 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானிகள் பெல்லெத்தியே, கவந்து என்னும் இருவர், செங்காந்தளின் உறவான ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். கௌட் எனப்படும் கடும் மூட்டுவாத நோய்க்கு இது மருந்தாகும். 1937 ஆம் ஆண்டு முதல், பயிர்களின் மரபணுத் தொகுதியை இரட்டித்துப் புது இரகங்களை உண்டாக்கவும் பயன்படுகின்றது. 2023 ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு, மாரடைப்பு முதலியவற்றின் அபாயத்தைக் குறைக்கவும் இதனைச் சிறு அளவில் வழங்க அனுமதித்தது. விதைக்கு விலை இருப்பதன் காரணம் இதுவே. மருந்து செய்வது மருந்தாலையின் வேலை. வீட்டில் எவரும் இதனை மருந்தாக உட்கொள்ளலாகாது.

குளிர்நாட்டார் கற்பிக்கும் பாடம்

இங்கிலாந்து போன்ற நாடுகளில் பனி உறையும் காலத்தில் இக்கிழங்கு மண்ணில் பிழைத்திருத்தல் அரிது. அங்குள்ள தோட்டக்காரர் மாசி, பங்குனி அளவில், கண்ணாடி வீட்டினுள்ளே தொட்டியில் கிழங்கை நடுகின்றனர். முளை வரும்வரை நீரைச் சிறிதளவே விடுகின்றனர். கோடையில் மலர்கின்றது. இலை மஞ்சளித்தவுடன் நீரை நிறுத்தி, கிழங்கை உலர்ந்த மணலில், உறைபனி தாக்காத இடத்தில், மறு பருவம் வரை உறங்க வைக்கின்றனர். இவ்வகையில் ஒரே குடிக் கிழங்கை ஆண்டுக்கணக்கில் காக்கின்றனர்.

நம் கரையில் பனி இல்லை; ஆயினும் மழை இருக்கின்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டியே பெய்துவிடுகின்றது. அவர்களுக்குப் பனி செய்யும் தீங்கை நமக்குத் தேங்கிய நீர் செய்கின்றது. கிழங்கு அழுகுதலே இப்பயிரின் பெருநோய். எனவே, எந்நாட்டவராயினும் கவனிக்க வேண்டியவை இரண்டு: கிழங்கு உறங்கும் காலத்தில் அதனை உலர்வாக வைத்தல், விழித்திருக்கும் காலத்தில் அதன் காலடியில் நீர் நில்லாது காத்தல்.

நிலமும் பருவமும்

காவிரிப் படுகையின் களிமண் வயல் இக்கொடிக்கு ஏற்றதன்று. நெல்லுக்கு நன்மை செய்யும் நீர்ப்பிடிப்பே இதற்குத் தீமையாகும். நீர் வடியும் மணல் கலந்த மண்ணும், செம்மண்ணும் ஏற்றவை. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் செம்மண்ணிலும், நம் மாவட்டத்தில் வேதாரண்யம் பகுதியின் மணலிலும் இப்பயிர் செய்யப்பெறுதலின் காரணம் இதுவே.

நாகூரில் வெட்டாறு கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டிய தாழ்ந்த கொல்லைகளில் உவர் நீர் ஏறுதல் கூடும். 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 இல் ஆழிப்பேரலை புகுந்த நிலங்கள் உப்பேறிப் பட்ட பாட்டை நாம் அறிவோம். ஆதலின் கிணற்று நீரையும் மண்ணையும் வேளாண்மைத் துறையின் மண் ஆய்வு நிலையத்தில் சோதித்துப் பார்த்தபின் நடுக. எளிய சோதனை ஒன்றும் உண்டு: ஓரடி ஆழக் குழி தோண்டி, நீர் நிரப்பி, வடியவிட்டு, மீண்டும் நிரப்புக. இரண்டாம் முறை விட்ட நீர் சில மணி நேரத்தில் வடியாவிடின் அவ்விடத்தில் இக்கொடியை நட வேண்டா.

ஆனி, ஆடி மாதங்கள் நடுதற்குரிய பருவம். மணலோடு மக்கிய எருவைக் கலந்து, ஓரடி உயரமுள்ள மேட்டுப்பாத்தி அமைத்தல் வேண்டும். பாத்திகளுக்கு இடையே வடிகால் இருத்தல் இன்றியமையாதது. 50 முதல் 60 கிராம் எடையுள்ள, நுனி முறியாத கிழங்கைத் தேர்ந்து, மூன்று அங்குல ஆழத்தில் கிடையாக வைத்து மூடுக. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 45 சென்டிமீட்டரும் இடைவெளி விடுக. விதையை நட்டும் கொடியை உண்டாக்கலாம். ஆனால் அது மலர்வதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

காட்டிலிருந்து கிழங்கைத் தோண்டி வருவது முறையன்று. தோண்டித் தோண்டியே பல இடங்களில் இக்கொடி அருகிவிட்டது. கோடியக்கரைக் காடு 1967 ஆம் ஆண்டு முதல் வனவிலங்கு சரணாலயமாக இருந்து வருகின்றது. அங்கே தோண்டுதல் சட்டப்படி குற்றமாகும்.

பந்தலும் பராமரிப்பும்

முளை இளந்தண்டாக இருக்கும்போது தொட்டாலே முறியும். ஆதலின் முளைப்பதற்கு முன்னரே பந்தலை அமைத்தல் வேண்டும். செம்மண் பகுதியினர் முள்கிளுவையை உயிர்க்காலாக நட்டு அதன்மீது கொடியை ஏற்றுவர். நம் கரையில் சவுக்கு எளிதில் கிடைக்கின்றது. சவுக்குக் கால்களை நட்டு, இடையிடையே மெல்லிய மிளார்களைச் சாய்த்து வைத்தால் இலைநுனிகள் நன்கு பற்றும். நெசவாளர் இல்லங்களில் கழிவு நூலுக்குக் குறைவில்லை. அதனை முறுக்கிக் கால்களுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் செலவில்லாத பந்தல் ஆகும்.

கொடி எட்டடி, பத்தடி வரை செல்லும் ஆயினும், நம் ஊரில் பந்தலை ஐந்தடிக்கு மேல் உயர்த்த வேண்டா. மலரும் பருவமும் புயற்பருவமும் ஒன்றாகவே வருகின்றன. 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 இல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த கஜா புயல், வேரூன்றிய தென்னையையும் மாவையும் சாய்த்தது. உயரப் பந்தல் அத்தகைய காற்றுக்கு நில்லாது. பந்தல் தாழ்ந்திருப்பின் கொடி போயினும் கிழங்கு பிழைக்கும்.

மழையில்லா நாட்களில் ஐந்து நாளைக்கு ஒரு முறை நீர் விட்டால் போதும். இலைகளைத் தின்னும் ஒரு வகைப் புழு இக்கொடிக்கென்றே உள்ளது. கருநிற உடலில் வெண்புள்ளிகளும் செம்புள்ளிகளும் கொண்டது. கண்ணுக்கு எளிதில் புலப்படும். சிறு கொல்லையில் காலைதோறும் கையுறையோடு பொறுக்கி அழித்தலே போதுமானது. கொடி வாடி, அடித்தண்டு கறுத்துக் காணப்பட்டால் அது கிழங்கழுகல். அக்கிழங்கைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றி எரித்துவிடுக. அடுத்த ஆண்டு அதே குழியில் நட வேண்டா.

மலரிலிருந்து விதை

மலர் நிறைய இருந்தும் காய் பிடிக்கவில்லை என்று பலர் குறைப்படுவர். காரணம் மலரின் அமைப்பிலேயே உள்ளது. இதன் சூல்தண்டு அடியிலேயே வளைந்து, மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீண்டு நிற்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் படுதல் அரிது. பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் வந்து உதவினால் உண்டு; மழை நாளில் அவையும் வாரா. ஆதலின் காலை 8 மணி முதல் 11 மணிக்குள், ஒரு கொடியின் மலரிலிருந்து மகரந்தத்தை எடுத்து மற்றொரு கொடியின் சூல்முடியில் மெல்லத் தடவுதல் வேண்டும். சிறு தூரிகையே இதற்குப் போதும். அறுந்த இழையைப் பிணைக்கும் பொறுமையும் விரல் நயமும் உடையவர்களுக்கு இவ்வேலை எளிதில் கைவரும்.

நட்ட 160 முதல் 180 நாட்களில், அதாவது தை மாதத்தை ஒட்டி, காய்கள் முற்றும். தோல் நிறம் மாறிச் சுருங்கத் தொடங்கும் வேளையில் பறித்து, ஏழு முதல் பத்து நாட்கள் நிழலில் உலர்த்தினால் காய் வெடித்துச் செந்நிற விதைகள் வெளிப்படும். அவற்றை மேலும் நிழலில் உலர்த்திச் சேமிக்கலாம்.

விதை எடுத்த பின் கொடி காயும். அப்போது நீரை அறவே நிறுத்துக. கிழங்கை மண்ணிலேயே உறங்க விடலாம். அல்லது நுனி முறியாமல் அகழ்ந்து, உலர்ந்த மணலில் புதைத்து, நிழலான அறையில் பூட்டி வைக்கலாம். சித்திரை மாதக் கோடைமழையில் நீர் தேங்கும் கொல்லையாயின் அகழ்ந்து வைத்தலே நன்று.

வெளிநாட்டில் வாழும் உறவினர்கள் தங்கள் தோட்டத்துக்குக் கிழங்கு கேட்பதுண்டு. பயணப் பெட்டியில் வைத்து அனுப்புதல் தவறு. எந்நாட்டுக்கும் தாவர நலச் சான்றும், அந்நாட்டின் அனுமதியும் வேண்டும். அந்நாட்டு நாற்றங்கால்களிலேயே கிழங்கு கிடைக்கும் என்று அவர்களுக்கு எழுதுவதே நேர்வழி.

கணக்கு என்ன கூறுகின்றது?

இனி அங்கத்தினர்களின் கேள்விக்கு வருவோம். ஒரு சென்டு என்பது சுமார் 40 சதுர மீட்டர். மேற்கூறிய இடைவெளியில் அதில் ஏறத்தாழ 150 கிழங்குகள் கொள்ளும். அவற்றின் எடை சுமார் 8 கிலோ. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் கூறப்படும் விளைச்சல் எக்டருக்கு 500 கிலோ விதை. அக்கணக்கில் ஒரு சென்டுக்குக் கிடைப்பது 2 கிலோ. அதுவும் பயிர் நன்கு அமைந்த இடத்தில். முதல் ஆண்டிலேயே இதனை எதிர்பார்த்தல் தகாது.

ஆக, 2 கிலோ விதையை நாடி 8 கிலோ கிழங்கை முதலாகப் போடுகின்றோம். கிழங்கின் விலை பெரிது. விதையின் விலையோ ஓராண்டு இருந்ததுபோல் மறு ஆண்டு இருப்பதில்லை. வாங்குவோர் சிலர், விற்போர் பலர். விலை ஏறிய ஆண்டில் அனைவரும் கிழங்கு வாங்க ஓடுவதால் கிழங்கின் விலையும் உடன் ஏறுகின்றது. அவ்விதை சந்தைக்கு வரும்போது விலை இறங்கிவிடுதல் உண்டு. இந்நிலையில், விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டில் கடன் பெற்றுக் கிழங்கு வாங்குதல் அறிவுடைமையாகாது. தறியையோ நகையையோ ஈடுவைத்து இதில் இறங்க வேண்டா என்பதே நம் விடை.

ஆயினும் மற்றொரு வழி உண்டு. கிழங்கு ஆண்டுதோறும் பெருகும் பொருள் அன்றோ? பத்துக் கிழங்கோடு தொடங்கி, விதையைப் பெரிதாக எண்ணாமல் கிழங்கைப் பெருக்குவதிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் கருத்தைச் செலுத்தினால், கடனின்றியே ஒரு சென்டுக்கு வேண்டிய முதல் சேரும். இடையில் நோயோ புயலோ வந்தாலும் இழப்பு சிறிதாகும்.

இதனைச் சங்கத்தின் வழியே செய்தல் இன்னும் நன்று. பொதுக்குழுவின் தீர்மானத்தோடும் துணைவிதிகளுக்கு உட்பட்டும், சங்கம் சிறு அளவில் நல்ல கிழங்கை வாங்கி, அங்கத்தினர்க்குப் பத்துப் பத்தாக அளித்து, இரண்டு ஆண்டு கழித்துப் பன்னிரண்டாகக் கிழங்காகவே திரும்பப் பெறலாம். ரொக்கத்தின் விலை ஏற்ற இறக்கம் இக்கடனைத் தீண்டாது. திரும்பி வந்த கிழங்கு அடுத்த அங்கத்தினர்க்குச் செல்லும். யார் வீட்டில் எத்தனை கிழங்கு இருக்கின்றது என்ற ஏட்டையும் சங்கமே வைத்திருப்பதால், நஞ்சுப் பொருள் கணக்கின்றித் திரியும் அபாயமும் குறையும்.

விற்பனையிலும் இதுவே வழி. இரண்டு கிலோ விதையோடு தனியே செல்பவர், கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு வருவார். ஐம்பது பேரின் விதையை ஒன்றாக உலர்த்தி, ஒரே தராசில் நிறுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட வணிகரிடம் எழுத்து மூலம் விலை கேட்கும் சங்கத்தின் நிலை வேறு. 1935 ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும், தனித்தனி நெசவாளர் தம் துணிக்கு விலை பெற இயலாத நிலையிலேதான். சப்பான் நாட்டில், ஷிகொக்குத் தீவிலுள்ள கொச்சி மாநிலத்து உழவர்கள், இச்செங்காந்தளையே கொய்மலராக வளர்த்துத் தங்கள் விவசாயக் கூட்டுறவின் வழியே நாடெங்கும் அனுப்புகின்றனர். அவர்கள் விதையை விற்கவில்லை, மலரை விற்கின்றனர் என்பது உண்மை. ஆயினும் சிறு சிறு தோட்டத்துப் பொருளை ஒன்றுசேர்த்துத் தரம் பிரித்து விற்கும் முறை நமக்கும் பொருந்தும்.

விரும்பும் அங்கத்தினர்கள், குழி தோண்டி நீர் வடியும் சோதனையை வைகாசிக்குள் செய்து, கொல்லையின் அளவையும் வீட்டில் சிறு குழந்தைகள், கால்நடைகள் உண்டா என்பதையும் குறித்துத் தத்தம் சங்கச் செயலாளரிடம் அளிப்பாராக. தகுந்தவர்கள் பதின்மர் சேர்ந்தாலும் ஆனியில் தொடங்கிவிடலாம். மண் ஏற்காதவர்களும், வீட்டில் குழந்தைகள் உள்ளவர்களும் முல்லையையோ மல்லிகையையோ நடுக. அவற்றுக்கு நாகூரிலேயே நாள்தோறும் பூக்கடை இருக்கின்றது.